மரத்தைப் பிடுங்கிக் காக்கும் நிலம்

மரக்கன்றைப் பிடுங்கி எறிந்ததற்காக ஒருவர் என் முதுகில் தட்டிக்கொடுத்தது வாழ்க்கையில் ஒரே ஒருமுறைதான். வட ஜெர்மனியின் லூனெபுர்க் ஹைடேயில், ஓர் அக்டோபர் சனிக்கிழமை. முழங்கால் உயரப் பிர்ச் கன்று. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மேலே இரண்டங்குலம் கறுத்த மக்கு, அதன் கீழே சாம்பல்போல வெளுத்த மணல். அந்த மணலையே வேர் விடாமல் பற்றியிருந்தது. கடைசியில் கன்றோடு மல்லாந்து விழுந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துக்கொண்டே தூக்கிவிட்டு, "நல்ல கை" என்றார். யாழ்ப்பாணத்தில் வெங்காயப் பாத்திக்குள் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கி வளர்ந்தவன் நான். களையெடுக்க எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இங்கே மரம்தான் களை. அதுதான் புதிது.

ஹைடேயைக் காடு என்றும் சொல்ல முடியாது, புல்வெளி என்றும் சொல்ல முடியாது. மணல் தரை, அதில் முழங்காலுக்குக் கீழே நிற்கும் குற்றுச்செடி, தூரத்தில் ஆள் நிற்கிற மாதிரி ஆங்காங்கே ஜூனிப்பர் மரம். சுற்றிவரப் பைன் காடு. ஆகஸ்ட் வந்தால் செடி முழுக்க ஊதாப் பூ. குறிஞ்சிக்குப் பன்னிரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். இது வருடம் தவறாமல் பூக்கும். எட்டாம் மாதம் எட்டாம் திகதியிலிருந்து ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் திகதி வரை என்று இங்குள்ளவர்கள் வாய்க்கணக்கு வைத்திருக்கிறார்கள். தண்டு விறைப்பானது. அதைக் கட்டிப் பெருக்கியதால் செடிக்கு ஜெர்மன் மொழியில் பெயரே 'விளக்குமாற்று ஹைடே'.

இது ஆதிகாலத்து இயற்கை என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். கதை நேர்மாறு. பனியூழிக் காலத்துப் பனிப்பாறைகள் கொட்டிவிட்டுப் போன மணலின்மேல் ஒருகாலத்தில் காடு நின்றது. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கற்கால உழவர்கள் அதை வெட்டவும் எரிக்கவும் தொடங்கினார்கள். பின்னால் ஆடுகள் மேய்ந்தன, மரம் தலையெடுக்கவில்லை. உழவர்கள் செடியோடு மேல்மண்ணையும் சீவியெடுத்துத் தொழுவத்தில் பரப்பினார்கள். சாணமும் மூத்திரமும் ஊறியபின் அதை அள்ளி வயலுக்கு எருவாகப் போட்டார்கள். வயல் கொழுத்தது, வெளி மெலிந்தது. அந்த மெலிந்த மண்ணில் ஹைடேச் செடிக்குத்தான் கொண்டாட்டம். மேய்ச்சலும் மண்வெட்டியும் ஓய்ந்தால் பிர்ச்சும் பைனும் விதை பறந்து வந்து முளைத்து, சில பத்தாண்டுகளில் வெளியை மூடிவிடும்.

காடும் காடு சார்ந்த இடமும் முல்லை, அங்கே ஆயர் வாழ்ந்தனர் என்று பள்ளியில் ஒப்பித்தோம். ஆயர் போய்விட்டால் அந்த நிலம் என்ன ஆகும் என்று எங்களை எந்த வாத்தியாரும் கேட்கவில்லை.

இங்கே அது 19ஆம் நூற்றாண்டில் நடந்தது. செயற்கை உரம் வந்தது, ஆஸ்திரேலியாவிலிருந்து மலிவான கம்பளி வந்தது. ஆடு கட்டுபடியாகவில்லை. வெளியை உழுதார்கள், இல்லாவிட்டால் பைன் நட்டார்கள். ஆகவே, பழங்காடு என்று நாம் பயபக்தியோடு நடந்துபோகிற பைன் காட்டில் பெரும்பகுதி பக்கத்து வெளியைவிட வயதில் இளையது. டோட்டன்குருண்ட் என்ற அழகான பள்ளத்தாக்கில் வார இறுதி வீடுகள் கட்டப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்தபோது, எகஸ்டோர்ஃப் ஊர்ப் பாதிரியார் வில்ஹெல்ம் போடே ஒரு பேராசிரியரின் பணத்தில் 1906இல் அந்த நிலத்தையே வாங்கிப்போட்டார். 1909இல் இப்படி நிலம் காப்பதற்கென ஒரு சங்கம் பிறந்தது. 1921இல் அரசு இந்த ஹைடேப் பகுதியைக் காப்பகமாக அறிவித்தது. இன்று அதன் பரப்பு 23,000 ஹெக்டேருக்கு மேல்.

இந்த வெளிகளையும் காடுகளையும் கோத்துக்கொண்டு போகிறது 2012இல் திறந்த ஹைட்ஷ்னுக்கன்வேக் நடைபாதை. ஹாம்பர்க்கின் தென்மேற்கு ஓரத்து ஃபிஷ்பெக்கிலிருந்து செல்லே நகரம் வரை 223 கிலோமீட்டர். நகர ரயிலை விட்டு இறங்கிக் கொஞ்சம் நடந்தால் பாதை தொடங்கிவிடும். தொடக்கத்திலேயே செடிக்குள் சின்னச் சின்ன மேடுகள் தெரியும். கற்காலத்திலும் வெண்கலக் காலத்திலும் இறந்தவர்களைப் புதைத்த மேடுகள். விளக்கப் பலகை இல்லாவிட்டால் யாரோ மண் கொட்டிவைத்த இடம் என்று தாண்டிப் போய்விடுவோம்.

பாதையின் பெயர் ஹைட்ஷ்னுக்கே என்ற ஆட்டிலிருந்து வந்தது. சாம்பல் கம்பளி, கறுத்த முகம், கறுத்த கால். கிடாய்க்குச் சுருண்ட கொம்பு. குட்டி முழுக் கறுப்பாகவே பிறக்கும். ஹைடேயின் முற்றிய தண்டைக் கடித்து அது புதுத் தளிர் விடவைக்கும். பிர்ச் கன்றையும் கிள்ளிவிடும். காலையில் செடிகளுக்கிடையே கட்டியிருக்கும் சிலந்தி வலைகளை மந்தை அறுத்துக்கொண்டு போவதால்தான் தேனீ தடையில்லாமல் பறக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அந்தத் தேனும் தனி ரகம். போத்தலைச் சரித்தால் வழியாது, கூழ்போல உறைந்து நிற்கும். கரண்டியால் கலக்கினால்தான் இளகும்.

வழியில் வில்செடே என்ற குக்கிராமம். கார் போக முடியாது. நடை, சைக்கிள், குதிரை வண்டி மட்டும்தான். அருகிலேயே வில்செடே மலை. உயரம் 169 மீட்டர். மலை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் இந்தத் தட்டை நாட்டில் அதுவே சிகரம். வானம் தெளிந்திருந்தால் ஹாம்பர்க்கின் கோபுரங்கள்கூடத் தெரியும். அதனால்தான் கணிதமேதை காஸ் 1820களில் ஹனோவர் அரசுக்காக நாட்டை முக்கோணம் முக்கோணமாக அளந்தபோது இந்த மேட்டையும் ஒரு முனையாகக் கொண்டார். உச்சியில் அவர் நினைவாக ஒரு கல் இருக்கிறது. பழைய 10 மார்க் நோட்டின் முன்புறத்தில் காஸின் முகம் இருக்கும். பின்புறத்தில் அந்த முக்கோண வலையின் ஒரு பகுதி. தொண்ணூறுகளில் உணவகத்தில் கோப்பை கழுவி, அந்த நோட்டைத்தான் மடித்து மடித்துச் சேர்த்தேன். அந்தக் கோடுகள் எதற்கென்று கல்லைப் பார்த்த அன்றுதான் தெரிந்தது.

நான் 1986இல் வந்தவன். அகதி மனு முடிவாகும்வரை இருக்கிற மாவட்டத்தை விட்டு அனுமதித் தாள் இல்லாமல் வெளியே போகக்கூடாது என்பது அப்போதைய சட்டம். பக்கத்து மாவட்டத்தில் நண்பனுடைய பிள்ளையின் பிறந்தநாளுக்குக்கூடப் போக முடியவில்லை. பல ஆண்டுகள் கழித்து மகளோடு இந்தப் பாதையில் நடந்தபோது, மத்தியானம் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். மாவட்ட எல்லையைக் காட்டுக்குள் எங்கேயோ தெரியாமலே தாண்டியிருந்தேன்.

போர் இந்த மண்ணையும் விடவில்லை. காப்பகத்தின் சில பகுதிகளில் 1994 வரை பிரிட்டிஷ், கனடியப் படைகளின் டாங்கிகள் பயிற்சி எடுத்தன. அங்கே வெறும் மணல்தான் மிஞ்சியது. மறுபடி செடி வர மெனக்கெட்டிருக்கிறார்கள். தெற்கே, பாதையிலிருந்து விலகிப் போனால் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாம் இருந்த இடம். அங்கே 50,000க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சிறுமி ஆன் ஃபிராங்க்கும் அங்குதான் இறந்தாள். அங்கும் ஹைடேச் செடி படர்ந்த மேடுகள். ஃபிஷ்பெக் மேடுகளில் யார், எத்தனை பேர் என்று எழுதியில்லை. இங்கே எண்ணிக்கை மட்டும் கல்லில் வெட்டியிருக்கிறது. மகள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: முழுப் பாதையும் நடக்க இரண்டு வாரம் வேண்டும். ஒரு நாள்தான் இருக்கிறதென்றால் உண்டெலோ ஊரிலிருந்து வில்செடேக்கு நடந்து, மலையேறித் திரும்பலாம். மணல் காலை இழுக்கும். சாதாரணத் தரையில் நடக்கிற கணக்கு இங்கே சரிவராது. வெளியில் நிழல் இல்லை, தண்ணீர் கொண்டுபோங்கள். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்புறத்தில் உண்ணி கடித்திருக்கிறதா என்று பாருங்கள்.

காப்பகத்துக்குள் பாதையை விட்டு இறங்கக்கூடாது. போன ஆகஸ்டில், பாதையிலிருந்து இரண்டு முழத்தில் ஒரு பிர்ச் கன்று, நாலு இலையோடு நின்றது. கை துறுதுறுத்தது. "அப்பா, விடுங்கோ" என்றாள் மகள். எங்கோ மேட்டுக்கு அப்பால் மந்தையின் சத்தம் கேட்டது. சரி, ஆடு பார்த்துக்கொள்ளட்டும் என்று நடந்தேன்.