குருதி கூறுவதும் கூறாததும்

அச்சுவேலிச் சந்தையிலே முன்னாளில் "சீனி எவ்வளவு?" என்று ஒருவர் வினவினால் அது கடைச் சீனியின் விலையைக் குறித்த வினாவாகவே இருந்தது. இக்காலத்தில் அவ்வாறன்று. வெங்காயத்தை விலைபேசிக்கொண்டு நிற்கும் முதியவர் இருவர் ஒருவரையொருவர் அதே வினாவை வினவுகின்றனர்; "நூற்று நாற்பது" என்பது விடை. அஃது உரூபாயன்று, நூறு மில்லிலீற்றர் குருதியில் உள்ள குளுக்கோசின் மில்லிகிராம் கணக்கு. மருத்துவ பீடத்தின் வாயிலை மிதியாதவர்களும் கொலஸ்ரரோல், கிரியேற்றினின் முதலிய சொற்களைத் தம் பேரப்பிள்ளைகளின் பெயர்களைப்போல எளிதாக உச்சரிக்கும் காலம் இது.

இவ்விழிப்பு வரவேற்கத் தக்கதே. ஆயினும் இதனோடு கூடவே ஒரு நம்பிக்கையும் வளர்ந்து வருகின்றது. ஆண்டுக்கொருமுறை கையை நீட்டிக் குருதியைக் கொடுத்து, அச்சிட்ட தாளில் எல்லா எண்களும் அளவோடு இருக்கக் கண்டுவிட்டால், உடம்பு முழுவதும் நலமாக உள்ளதென்று சான்றிதழ் கிடைத்துவிட்டதாகப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் எத்துணை உண்மை என்பதையே இங்கு ஆராய விரும்புகின்றோம். நாம் மருத்துவர் அல்லேம். கல்லூரியிற் பாடஞ் சொல்லும் ஆசிரியர். ஆனால் இப்பொருளில் ஒரு பாதி மருத்துவமாயின் மறுபாதி கணக்கு. அக்கணக்கு மாணவர்க்கும் விளங்கக்கூடியதே.

நம் சித்த மருத்துவர்கள் நோயை அறிவதற்கு எண்வகைத் தேர்வை வகுத்தனர். நாடி, தொடுகை, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. இவ்வெட்டினுள் குருதி இல்லை என்பதைக் காண்க. மூத்திரத்தில் ஓர் எண்ணெய்த் துளியை இட்டு, அது பரவும் வகையைக் கொண்டு நோயின் குணத்தை உய்த்துணரும் நெய்க்குறி என்னும் முறையும் அவர்களிடம் இருந்தது. புறத்தே தோன்றும் குறியைக் கொண்டே அகத்தே உள்ளதை அறியவேண்டிய நிலை அது. நீரிழிவு என்னும் பெயரே இதற்குச் சான்று. நீர் மிகுதியாக இழிவதைக் கண்ட பின்னரே நோய்க்குப் பெயரிட்டனர். நம்மவர் வழங்கும் சலரோகம் என்னும் பெயரும் அத்தகையதே. குருதியிற் குளுக்கோசு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டிய பின்னரே பொதுவாக அது சிறுநீரில் வழியத் தொடங்கும். ஆனால் நோயென்று இன்று கொள்ளப்படும் எல்லை வெறுவயிற்றில் 126. இவ்விரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட காலம் சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். அக்காலத்தில் நோயாளியும் ஒன்றும் அறியான், எறும்பும் அறியாது. குருதி மட்டுமே அறியும்.

குருதியை ஆராயும் மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்துக்குப் புதியதன்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 இல் இங்கு வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் இருந்து வைத்தியம் பார்த்தார். மாணவரைச் சேர்த்து மருத்துவமும் கற்பித்தார். 1860 களில் அக்கல்வியைத் தமிழுக்கே மாற்றினார். மேனாட்டு மருத்துவ நூல்கள் பலவும் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தன. அங்காதிபாதமும் இரணவைத்தியமும் கெமிஸ்தமும் தமிழிற் பயின்ற இம்மண்ணிலே, இன்று ஒரு தோட்டக்காரனின் கையிற் கொடுக்கப்படும் குருதி அறிக்கை முழுவதும் ஆங்கிலத்தில், அதுவும் மூன்றெழுத்து நான்கெழுத்துக் குறுக்கங்களில் இருக்கின்றது. பாடசாலை விஞ்ஞான நூலில் செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு என்று படித்த மாணவன்கூடத் தன் பாட்டனாரின் அறிக்கையில் அவற்றை அடையாளங் காண மாட்டாமல் விழிக்கின்றான். இதனை மாற்றுவதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை என்பது எம் கருத்து. அஃது நிற்க.

குருதியைச் சோதிக்கும் வேலை ஒருகாலத்தில் மிகக் கடினமானது. குருதியை நீர்த்துக் கட்டமிட்ட கண்ணாடித் தகட்டில் இட்டு, நுணுக்குக்காட்டியின்மேற் குனிந்து குழியங்களை ஒவ்வொன்றாக எண்ணினர். அமெரிக்கரான வோலஸ் கூல்ட்டர் என்பார் குழியங்களை நுண்டுளை ஒன்றினூடாகச் செலுத்தி, ஒவ்வொன்றும் கடக்கும்போது மின்தடையில் உண்டாகும் மாற்றத்தைக் கொண்டு எண்ணும் வழியைக் கண்டு 1953 இல் காப்புரிமை பெற்றார். இரசாயனச் சோதனைகளைத் தானாகவே செய்யும் இயந்திரம், லெனாட் ஸ்கெக்ஸ் என்பவரின் ஆக்கம், 1957 இல் விற்பனைக்கு வந்தது. அதன் பின்வந்த இயந்திரங்கள் ஒரே குருதி மாதிரியிற் பன்னிரண்டு சோதனைகளை ஒருங்கே செய்தன. ஒன்றைச் செய்யும் செலவுக்கும் பன்னிரண்டைச் செய்யும் செலவுக்கும் இருந்த இடைவெளி சுருங்கிப்போயிற்று. இன்று தனியார் ஆய்வுகூடங்கள் விற்கும் "முழு உடற் பரிசோதனை" இவ்வியந்திர வசதியின் குழந்தை. வைத்தியர் ஒரு வினாவை மனத்திற்கொண்டு கேட்ட சோதனைகள் அல்ல அவை, இயலுவதால் செய்யப்படுபவை.

இதிலே கணக்கு எங்கே வருகின்றது? அறிக்கையின் ஓரத்தில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு எண்கள் இருக்கக் காணலாம். பல சோதனைகளுக்கு இவ்வெல்லைகளை வகுத்த முறை யாதெனின், நலமுடையோர் பலரைச் சோதித்து, அவர்களுள் நடுவே அமையும் 95 விழுக்காட்டினரை எல்லைக்குள் அடக்கி, இருபுறமும் எஞ்சும் ஐந்து விழுக்காட்டினரை வெளியே விடுவதாகும். அதாவது, நோயில்லாத நூறு பேரில் ஐவர் எல்லைக்கு வெளியே நிற்பர் என்பது தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. இனி, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளை நலமுள்ள ஒருவருக்குச் செய்தால், இருபதும் எல்லைக்குள் அமையும் நிகழ்தகவு என்ன? 0.95 ஐ இருபது முறை பெருக்குக. விடை ஏறத்தாழ 0.36. எஞ்சிய 64 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஓர் எண்ணாவது பிழையாகத் தோன்றும். சோதனைகள் நாற்பதாயின் 87 விழுக்காடு. உண்மையிற் சோதனைகள் சில ஒன்றோடொன்று தொடர்புடையன ஆதலின் இக்கணக்குச் சற்றுக் குறையலாம். ஆயினும் ஒரு குற்றமும் காணாத அறிக்கையோடு வீடு திரும்புவோர் சிலரே என்பது உண்மை.

எம் அயலவர் ஒருவர் எழுபதை அண்மியவர். மகன் ரொரன்ரோவில் வாழ்கின்றார். தந்தையின் பிறந்தநாளுக்கு மகன் அனுப்பிய பணம் அத்தகைய தொகுதி ஒன்றாயிற்று. இரண்டு நாட்கழித்துத் தாளும் கையுமாக எம்மிடம் வந்தார்.

"மாஸ்ரர், ஈரலிலை பழுதாம். எஸ்.ஜி.ஓ.ரி. கூடிக் கிடக்கு. பெடியனுக்குச் சொல்லவோ, விடவோ?"

மகனுக்குச் சொல்லுமுன் வைத்தியருக்குச் சொல்வோம் என்று அரச வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். இளம் வைத்தியர் தாளைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் வினா எமக்கு வியப்பை அளித்தது.

"ஐயா, இரத்தம் குடுக்கிறதுக்கு முதல் நாள் என்ன வேலை செய்தனீங்கள்?"

"வெங்காயத்துக்குத் தறை கொத்தினனான், டொக்டர்."

எஸ்.ஜி.ஓ.ரி. என்னும் நொதியம் ஈரலில் மட்டுமன்றித் தசையிலும் உண்டு. நாள் முழுவதும் மண்வெட்டி பிடித்தவரின் தசையிலிருந்து அது குருதியிற் கலப்பது இயல்பு. ஈரலுக்கே பெரிதும் உரிய மற்றைய நொதியம் அளவோடுதான் இருந்தது. ஒரு கிழமை ஓய்வின் பின் மீண்டும் சோதித்தபோது முதலாவதும் இறங்கிவிட்டது. அந்த ஒரு கிழமையும் அவர் வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை என்பதை நாம் அறிவோம்.

பொய்யான அச்சம் இவ்வாறாயின், பொய்யான ஆறுதல் அதனினும் கொடிது. சிறுநீரகத்தின் செயலைக் காட்டும் கிரியேற்றினின் தசையிலிருந்து தோன்றும் பொருள். மெலிந்த மூதாட்டி ஒருவருக்குத் தசை குறைவாதலின் கிரியேற்றினினும் குறைவாகவே தோன்றும். எண் எல்லைக்குள் இருக்கவே சிறுநீரகம் பாதி இளைத்திருக்கவுங்கூடும். ஆதலினாலேயே வைத்தியர்கள் அவ்வெண்ணோடு வயதையும் பாலையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்க்கின்றனர். சிறுநீரில் வெண்புரதம் உண்டோ என்றும் தேடுகின்றனர். குருதியழுத்தத்தைக் குருதிச் சோதனை காட்டாது. நெஞ்சுவலியோடு வருபவரின் இதயக் குழாய் அடைப்பைக் கொலஸ்ரரோல் எண் தெளிவிக்காது. மார்பகத்துக் கட்டியையும், வெற்றிலையோடு புகையிலை போடுபவரின் வாயில் தோன்றும் வெண்படலத்தையும் கண்ணும் கையுமே காணவேண்டும். புகையிலை விளையும் நம் ஊர்களில் இதனைச் சொல்லாமல் விடுவது தகாது. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் வாய்ப்புற்று முன்னிற்பது.

பொதுப் பரிசோதனைகளால் ஆயுள் நீளுமா என்பதை மேனாட்டார் ஆராய்ந்துள்ளனர். 2019 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு 17 ஆய்வுகளை, அவற்றிற் பங்குகொண்ட இரண்டரை இலட்சம் பேரை, ஒருங்கே நோக்கியது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோருக்கும் அழைக்கப்படாதோருக்கும் இடையே இறப்பு வீதத்திற் சொல்லத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. டென்மார்க்கில் ஏறத்தாழ 60,000 பேரைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வின் முடிவும், 2014 இல் வெளிவந்தது, இதயநோயைப் பொறுத்தவரை இவ்வாறே.

இதனைப் படித்துவிட்டுச் சோதனையே வேண்டாமென்று எவரும் முடிவு செய்துவிடலாகாது. அவ்வாய்வுகள் நடந்த நாடுகளில் நோய் இருப்பின் குடும்ப வைத்தியர் பெரும்பாலும் முன்னரே கண்டுபிடித்து விடுகின்றார். நம் நிலை வேறு. 2005 - 2006 இல் இலங்கையில் நடந்த நீரிழிவு ஆய்வில், இருபது வயதுக்கு மேற்பட்டோரிற் பத்துவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் அச்சோதனை வரை தமக்கு நோயிருப்பதையே அறியார். போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை. நம்மவரின் எண் அதிற் பதியாமற் போயிற்றேயன்றி நோய் இல்லாமற் போகவில்லை. தென்னாசிய மக்களுக்கு ஐரோப்பியரைவிட இளவயதிலும், பருமன் குறைந்த உடலிலும் நீரிழிவு வருகின்றது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. மெலிந்தவனுக்குச் சீனி வராது என்னும் எண்ணம் நம் ஊரிற் பலரின் கண்ணையும் காலையும் பறித்திருக்கின்றது.

ஆகவே வேண்டுவது, தக்க வினாவோடு செய்யும் சில சோதனைகள். இதற்கு ஒரு பழைய கதை நல்ல சான்று. 1928 இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவப் பெண்மணி பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளரான கர்ப்பிணிகளிடையே பரவியிருந்த கடுமையான குருதிச்சோகையை ஆராய்ந்தார். செங்குழியங்களின் தொகை குறைந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு குழியமும் வழக்கத்தினும் பருத்திருந்தது. இரும்புச்சத்துக் குறைவாயின் குழியம் சிறுத்தல்லவா வேண்டும்? அந்த ஒரு முரண்பாட்டைப் பற்றிக்கொண்டு தேடிய அவர், நம் வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாணிற் பூசிக் கொடுக்கும் மார்மைற்று அந்நோயைத் தீர்ப்பதைக் கண்டு 1931 இல் வெளியிட்டார். அதிலிருந்த பொருளே பின்னர் 1941 இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றது. நம் கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்கிற் பெறும் சிறு மாத்திரையின் வரலாறு இது.

முப்பத்தைந்து வயதைக் கடந்தோர்க்கு வெறுவயிற்றுச் சீனி, குருதியழுத்தம், நிறை, உயரம் முதலியவற்றை இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் 2011 முதல் இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் நிறுவப்பட்டுள்ளன. அங்கே பெண்களே மிகுதியாகச் செல்கின்றனர், ஆண்கள் குறைவு. பணங்கொடுத்து நாற்பது சோதனை செய்விக்க ஆயத்தமாயிருக்கும் குடும்பத் தலைவர், காசின்றிச் செய்யும் ஐந்து சோதனைகளுக்கு வேலைநாள் ஒன்றை இழக்க மனங்கொள்ளாதது விந்தையே. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்புமுன், "அப்பா, ஆஸ்பத்திரியிலை காட்டினீங்களோ?" என்று ஒருமுறை தொலைபேசியிற் கேட்பார்களாயின் அது பெரிதும் உதவும்.

சோதனைக்குச் செல்வோர் கருதவேண்டியவை சில உள. வெறுவயிறு என்றால் எட்டு மணிநேரத்துக்குக் குறையாத உண்ணாமை. தண்ணீர் பருகலாம், சீனியிட்ட தேநீர் ஆகாது. ஊரில் எடுத்த குருதியைப் பட்டினத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதாயின், சீனிக்குரிய குருதி புளோரைட்டு இட்ட குழாயில் எடுக்கப்படுதல் வேண்டும்; அன்றேல் குழாயினுள்ளும் குழியங்கள் குளுக்கோசை உண்டுகொண்டே இருக்க, எண் மணிக்கு மணி இறங்கும். காய்ச்சல் மாறிய கையோடு பொதுச் சோதனைக்குப் போதல் பயனற்றது. பழைய அறிக்கைகளை எறியாமல் ஆண்டு வரிசைப்படி ஒரு கோவையில் வைத்துக்கொண்டு செல்க. எல்லைக்குள் இருக்கும் எண்ணும் மூன்றாண்டுகளாக ஏறிக்கொண்டே வருமாயின் வைத்தியர் அதனைக் காண்பார். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் அன்றைக் காலை மாத்திரையை உண்பதா, விடுவதா என்பதை முதல் நாளே கேட்டறிதல் வேண்டும். உணவின்றி அதனை விழுங்கிவிட்டு வரிசையில் நின்று மயங்கி விழுந்தோர் உளர்.