பிளக்குமா குழாய்?

டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதிக்குக் கிழக்கே சுமார் 20 கி.மீ. தொலைவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் நிற்கிறது பிக்கரிங் அணுமின் நிலையம். அதன் கேன்டு உலைகளில் ஒரே பெரிய எஃகு அழுத்தக்கலன் கிடையாது. அந்த வேலையைச் செய்பவை நூற்றுக்கணக்கான சிர்கோனியக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம். சுவரின் தடிப்போ 4 மில்லிமீட்டர்தான்.

குழாய் ஏன் பலமிழக்கிறது? சூடான கனநீர் உலோகத்தை மெல்ல அரிக்கும்போது டியூட்டீரியம் என்னும் கன ஹைட்ரஜன் உள்ளே ஊறுகிறது. குழாய் குளிர்ந்தால் அது நொறுங்கும் தகடுகளாகப் படிகிறது. ஆகவே முழுச்சூட்டில் ஓடும்போதைவிட, உலையை நிறுத்தும்போதும் தொடங்கும்போதும்தான் கவனம் அதிகம் வேண்டும்.

1983 ஆகஸ்ட் 1 அன்று, இரண்டாம் உலையில் ஒரு குழாய் ஏறத்தாழ 2 மீட்டர் பிளந்தது. இடைவெளி காக்கும் வளையங்கள் நகர்ந்ததால் குழாய் தொய்ந்து, குளிர்ந்த வெளிக்குழாயைத் தொட்டது. அந்த இடத்தில் டியூட்டீரியம் குவிந்து கொப்புளமானது. உடையுமுன் கசிந்து எச்சரிக்கும் என்ற எதிர்பார்ப்பும் பொய்த்தது. உலை பாதுகாப்பாகவே நிறுத்தப்பட்டது. பிறகு அந்த உலைக்குச் சிர்கோனியம்-நியோபியம் கலவைக் குழாய்கள் வந்தன. கல்பாக்கத்திலும் பின்னாளில் இதே மாற்றம்.

புதுக் கலவையும் முழு நிம்மதி தரவில்லை. 2021 ஜூலையில், ஒன்ராறியோவின் புரூஸ் அணுமின் நிலையக் குழாய்களில் ஹைட்ரஜன் அளவு உரிம வரம்பான பத்து லட்சத்தில் 120 பங்கைத் தாண்டியிருந்தது. கணிப்புச் சூத்திரங்கள் அதை முன்கூட்டிச் சொல்லவில்லை. கனடிய அணுப் பாதுகாப்பு ஆணையம், நிறுத்தப்பட்ட உலைகளை அனுமதியின்றி மீண்டும் இயக்கக் கூடாதென உத்தரவிட்டது. சரியான கண்டிப்பு.

2024 அக்டோபரில் அதே ஆணையம், பிக்கரிங்கின் 5 முதல் 8 வரையான உலைகள் 2026 முடியும்வரை ஓட அனுமதித்தது.