எஸ்.எம்.பி.எஸ். வாங்கும் முன்: லேபிளில் உள்ள வாட்ஸை நம்பலாமா?

புதிய கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள். எந்த பிராசசர், எவ்வளவு ராம், எந்த கிராபிக்ஸ் கார்டு என்று நாள் கணக்கில் விசாரிக்கிறீர்கள். பட்ஜெட் இடிக்கும்போது எதில் கை வைப்பீர்கள்? பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில்தான். "கேபினட்டோடு ஒன்று வருகிறதே, அதுவே போதும்" என்று விட்டுவிடுவார்கள்.

ஆனால் மதர்போர்டு முதல் ஹார்ட் டிஸ்க் வரை அத்தனைக்கும் மின்சாரம் இந்தப் பெட்டி வழியாகத்தான் போகிறது. ராம் கெட்டால் ராமை மாற்றிக்கொள்ளலாம். எஸ்.எம்.பி.எஸ். மோசமாகக் கெட்டால் மதர்போர்டையும், பல வருட போட்டோக்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். எனவே இதை எப்படிச் சோதிக்கிறார்கள், வீட்டில் நாமே எந்த அளவுக்குச் சோதிக்கலாம் என்று பார்ப்போம்.

முதலில் லேபிளைப் படியுங்கள்

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கும். அதில் பெரிய எழுத்தில் உள்ள வாட்ஸை விட்டுவிட்டு 12 வோல்ட் என்ற கட்டத்தைப் பாருங்கள். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் தங்கள் மின்சாரத்தை 12 வோல்ட் லைனில் இருந்துதான் எடுக்கின்றன. அந்தக் கட்டத்தில் உள்ள ஆம்ப்ஸை 12-ஆல் பெருக்குங்கள்.

இரண்டு பெட்டிகளிலும் 450 வாட்ஸ் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்ப்ஸ். அதாவது 192 வாட்ஸ். இரண்டாவதில் 36 ஆம்ப்ஸ். அதாவது 432 வாட்ஸ். முதல் பெட்டி மீதிக் கணக்கை 5 வோல்ட், 3.3 வோல்ட் லைன்களில் காட்டி 450 ஆக்கியிருக்கிறது. பென்டியம் 3 காலத்தில் அந்த லைன்களுக்கு வேலை இருந்தது. 2000-ல் பென்டியம் 4 வந்தபோது பிராசசருக்கென்று தனி 12 வோல்ட் கனெக்டர் வந்தது. அதிலிருந்து பாரம் 12 வோல்ட்டுக்கு மாறிவிட்டது.

12 வோல்ட் லைன் இரண்டாகப் பிரித்துப் போடப்பட்டிருந்தால் இரண்டின் ஆம்ப்ஸையும் கூட்டாதீர்கள். கீழே மொத்தமாக ஒரு வாட்ஸ் கொடுத்திருப்பார்கள். அதுதான் கணக்கு.

ஆய்வகத்தில் என்ன சோதிக்கிறார்கள்?

விமர்சனம் எழுதுகிறவர்களிடம் எலக்ட்ரானிக் லோடு என்ற கருவி இருக்கும். 100 வாட்ஸ், 200 வாட்ஸ் என்று நாம் சொல்லும் அளவை எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து துல்லியமாக இழுக்கும். அதை வைத்து முக்கியமாக ஐந்து விஷயங்களைப் பார்ப்பார்கள்.

1. வோல்டேஜ்: பாரம் ஏறினாலும் வோல்டேஜ் 5 சதவீதத்துக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. 12 வோல்ட் லைன் 11.4-லிருந்து 12.6-க்குள்ளும், 5 வோல்ட் லைன் 4.75-லிருந்து 5.25-க்குள்ளும் நிற்க வேண்டும்.

2. ரிப்பிள்: டி.சி. மின்சாரத்தில் மிச்சமிருக்கும் அலைதான் ரிப்பிள். 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட், 5 மற்றும் 3.3 வோல்ட்டில் 50 மில்லி வோல்ட் வரை இருக்கலாம். இதற்கு மேல் போனால் மதர்போர்டில் உள்ள கெப்பாசிட்டர்கள் சூடாகி அவற்றின் ஆயுள் குறையும். ஆசிலாஸ்கோப் இல்லாமல் இதை அளக்க முடியாது.

3. வெப்பம்: ஏ.சி. அறையில் 500 வாட்ஸ் தரும் பெட்டி 50 டிகிரியில் அவ்வளவு தராமல் போகலாம். 2000-களில் பெயர் பெற்ற ஜானிகுரு தளத்தில் ஜான் ஜெரோ எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சூடான பெட்டிக்குள் வைத்துச் சோதித்ததற்குக் காரணம் இதுதான். பின்னர் அவரை கோர்சேர் நிறுவனமே வேலைக்கு எடுத்துக்கொண்டது. மே மாத வேலூரையும் மதுரையையும் நினைத்துக்கொண்டால் இந்தச் சோதனை நமக்கு எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

4. தாங்கும் நேரம்: கரண்ட் போனதும் யு.பி.எஸ். பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடிகள் ஆகும். அதுவரை எஸ்.எம்.பி.எஸ். தன் கெப்பாசிட்டரில் உள்ள மின்சாரத்தை வைத்துச் சமாளிக்க வேண்டும். நல்ல பெட்டி சுமார் 16, 17 மில்லி விநாடி தாங்கும். செலவைக் குறைக்கச் சின்ன கெப்பாசிட்டர் போட்ட பெட்டியானால், யு.பி.எஸ். இருந்தும் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகும்.

5. பாதுகாப்பு: அளவுக்கு மீறி இழுத்தாலோ ஷார்ட் ஆனாலோ பெட்டி தானாக நின்றுவிட வேண்டும். இதைச் சோதிக்க விமர்சகர் வேண்டுமென்றே பாரத்தை ஏற்றிக்கொண்டே போவார். நின்றுவிட்டால் பாஸ். புகை வந்தால் பெயில்.

2021-ல் நடந்தது

இந்த ஐந்தாவது சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். கிராபிக்ஸ் கார்டுகளுக்குப் பஞ்சம் நிலவிய நேரத்தில், அமெரிக்காவில் நியூஎக் என்ற கடை கார்டுகளுடன் வேறு பொருள்களையும் சேர்த்து விற்றது. அப்படி விற்கப்பட்டவற்றில் கிகாபைட் நிறுவனத்தின் 750 வாட்ஸ் பி750ஜிஎம், 850 வாட்ஸ் பி850ஜிஎம் என்ற எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. வாங்கியவர்கள் சிலர் அவை கெட்டுப்போவதாகப் புகார் சொன்னார்கள். கேமர்ஸ் நெக்சஸ் என்ற சோதனைக் குழு அவற்றை வாங்கிச் சோதித்தபோது, சில பெட்டிகள் பொறி பறக்க வெடித்தன.

2021 ஆகஸ்டில் கிகாபைட் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிக பாரத்தில் தானாக நிற்கும் அளவு முன்பு 120 முதல் 150 சதவீதமாக இருந்தது என்றும், அதை 110 முதல் 120 சதவீதமாகக் குறைத்துவிட்டதாகவும் சொன்னது. நிற்கும் அளவுக்கு மிக அருகில் கருவி வைத்து நீண்ட நேரம் சோதிப்பதே பிரச்னைக்குக் காரணம் என்பது அதன் விளக்கம். ஆனாலும் குறிப்பிட்ட சீரியல் எண்களில் உள்ளவற்றைத் திருப்பி மாற்றித் தருவதாக அறிவித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இரண்டு மாடல்களிலும் 80 பிளஸ் கோல்டு முத்திரை இருந்தது!

80 பிளஸ் எதைச் சொல்கிறது?

2004-ல் தொடங்கிய இந்தத் திட்டம், சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் பார்க்கிறது. 20, 50, 100 சதவீத பாரங்களில் 80 சதவீதத் திறன் இருந்தால் சாதாரண முத்திரை. கோல்டு என்றால் 115 வோல்ட்டில் முறையே 87, 90, 87 சதவீதம் வேண்டும். சோதனை நடப்பது சுமார் 23 டிகிரியில்.

இதனால் லாபம் இல்லாமல் இல்லை. உங்கள் கம்ப்யூட்டருக்கு 300 வாட்ஸ் தேவை என்றால், 80 சதவீதத் திறனுள்ள பெட்டி 375 வாட்ஸ் எடுக்கும். 90 சதவீதப் பெட்டி 333 வாட்ஸ் எடுக்கும். தினமும் 5 மணி நேரம் கேம் ஆடினால் மாதம் சுமார் 6 யூனிட் மிச்சம். ஆனால் ரிப்பிள், அதிக பாரத்தில் நிற்கும் பாதுகாப்பு ஆகியவற்றுக்கு இந்த முத்திரை சான்று ஆகாது.

வீட்டில் சோதிக்கலாம்

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட் ரேஞ்சில் வைத்து, சும்மா இருக்கும் 4 பின் மோலக்ஸ் கனெக்டரில் கறுப்பு முனையைக் கறுப்பு வயரிலும், சிவப்பு முனையை மஞ்சள் வயரிலும் வையுங்கள். அது 12 வோல்ட். சிவப்பு வயரில் 5 வோல்ட் வரும். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் நடுவில் உள்ள இரண்டும் கிரவுண்ட், ஓரங்களில் ஒன்று 12, மற்றது 5. மீட்டர் முனை இரண்டு பின்களை ஒரே நேரத்தில் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டம் சும்மா இருக்கும்போது ஒரு முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஓ.சி.சி.டி. போன்ற சோதனை சாஃப்ட்வேரையோ கனமான கேமையோ அரை மணி நேரம் ஓட்டி மறுபடி அளங்கள். 12.1 இருந்தது 12.0 ஆனால் கவலையில்லை. 11.5-க்கு வந்தால் எல்லையில் நிற்கிறது. 11.4-க்குக் கீழே போனால் மாற்றுங்கள். மதர்போர்டு சாஃப்ட்வேர் காட்டும் வோல்டேஜை மட்டும் நம்ப வேண்டாம். அதன் சென்சார்கள் பல நேரம் தப்பாகக் காட்டும்.

அடுத்து, வேலைகளை சேவ் செய்துவிட்டு கேம் ஓடும்போது யு.பி.எஸ். பிளக்கின் சுவிட்சை அணையுங்கள். ரீஸ்டார்ட் ஆனால் யு.பி.எஸ். பேட்டரியையும் அதன் திறனையும் பாருங்கள். அவை சரி என்றால் எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகப்படலாம்.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்கும் கடைச் சோதனை, பெட்டி ஆன் ஆகிறது என்பதை மட்டுமே சொல்லும். பாரம் தாங்குமா என்று சொல்லாது.

செய்யக் கூடாதவை

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் உள்ளே டி.சி.யாக மாறும்போது 325 வோல்ட்டைத் தொடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கலாம். பின்புறம் சிவப்பு சுவிட்ச் இருந்தால் அது 230-ல் இருக்கிறதா என்று பாருங்கள். 115-ல் வைத்து ஆன் செய்தால் அந்த நொடியே வெடித்துவிடும்.

கடைக்குப் போகும்போது மூன்று கேள்விகளை எடுத்துச் செல்லுங்கள். 12 வோல்ட்டில் எத்தனை ஆம்ப்ஸ்? எத்தனை டிகிரி வரை முழு வாட்ஸ் தரும்? இந்த மாடலை யாராவது லோடு கொடுத்துச் சோதித்து எழுதியிருக்கிறார்களா? மூன்றுக்கும் பதில் கிடைக்கும் 450 வாட்ஸ் பெட்டி, ஒன்றுக்கும் பதில் இல்லாத 650 வாட்ஸ் பெட்டியைவிட மேலானது.