இஸ்லாமிய நாகரிகத்தின் தோற்றமும் தொடக்ககாலப் பரவலும்

இஸ்லாமிய நாகரிகம் என்பது கி.பி. 7 ஆம் நூற்றாண்டில் அரேபியத் தீபகற்பத்தில் தோன்றிய இஸ்லாம் சமயத்தையும் அரபு மொழியையும் பொது அடிப்படைகளாகக் கொண்டு, மேற்கு ஆசியா, வட ஆப்பிரிக்கா, நடு ஆசியா, ஐபீரியத் தீபகற்பம் ஆகிய பகுதிகளில் உருவான நாகரிகம் ஆகும். இதனை உருவாக்கியோர் அரேபியர் மட்டும் அல்லர். பாரசீகர், சிரியர், எகிப்தியர், பெர்பெர் முதலிய பல இனத்தவரும், கிறித்தவர், யூதர் போன்ற பிற சமயத்தவரும் இதில் பங்கு கொண்டனர். முஸ்லிம்களின் ஆட்சி ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் பரவியது. ஆயினும், அந்நாடுகளின் மக்களிடையே சமயமும் மொழியும் வேரூன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின.

பின்னணி

கி.பி. 6 ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேற்கு ஆசியா இரு பேரரசுகளுக்கு இடையே பிரிந்திருந்தது. சிரியா, பாலஸ்தீனம், எகிப்து ஆகியன பைசாந்தியப் பேரரசிலும், ஈராக், ஈரான் ஆகியன சாசானியப் பேரரசிலும் அடங்கியிருந்தன. 602 முதல் 628 வரை இவ்விரு பேரரசுகளுக்கும் இடையே நடைபெற்ற போர் இரண்டையும் நலிவடையச் செய்தது. இவற்றுக்குத் தெற்கே அமைந்த அரேபியாவின் பெரும்பகுதியில் மைய அரசு இருக்கவில்லை. மக்கள் தத்தம் குலங்களின் பாதுகாப்பிலேயே வாழ்ந்தனர்.

தோற்றம்

முகம்மது நபி 570 ஆம் ஆண்டளவில் மக்காவில் பிறந்தார். 610 ஆம் ஆண்டளவில் அவருக்கு முதல் இறைவெளிப்பாடு கிடைத்தது என்பது முஸ்லிம்களின் நம்பிக்கை. மக்காவில் எதிர்ப்பு வலுத்ததால், 622 இல் அவரும் அவரைப் பின்பற்றியோரும் மதீனாவுக்கு இடம்பெயர்ந்தனர். ஹிஜ்ரத் எனப்படும் இந்நிகழ்வே இஸ்லாமிய நாட்காட்டியின் தொடக்கம் ஆகும். மதீனாவில் குல உறவுக்கு மேலாக நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஒரு சமுதாயம் அமைந்தது. இது 'உம்மா' என அழைக்கப்படுகிறது. 630 இல் மக்கா இவர்கள் வசமானது. 632 இல் முகம்மது நபி மறைந்தார்.

ஆட்சியின் பரவல்

நபியின் மறைவுக்குப் பின் அபூபக்கர், உமர், உஸ்மான், அலி ஆகியோர் முறையே கலீபாக்களாக இருந்தனர் (632 - 661). 636 இல் நடைபெற்ற யர்மூக் போரில் பைசாந்தியர் தோல்வியுற்றுச் சிரியாவை இழந்தனர். 642 அளவில் எகிப்து முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்தது. கடைசிச் சாசானிய மன்னரான மூன்றாம் யஸ்டெகெர்டு 651 இல் கொல்லப்பட்டார். 661 இல் ஆட்சிக்கு வந்த உமையா மரபினர் டமாஸ்கஸைத் தலைநகராகக் கொண்டனர். இவர்கள் காலத்தில், 711 இல் ஐபீரியத் தீபகற்பத்திலும், அதே காலத்தில் சிந்துவிலும் முஸ்லிம் படைகள் நுழைந்தன.

படைநகரங்கள்

கைப்பற்றிய விளைநிலங்கள் படைவீரர்களுக்குப் பங்கிடப்படாமல், பெரும்பாலும் பழைய உழவர்களிடமே விடப்பட்டன. அவர்கள் செலுத்திய வரியிலிருந்து வீரர்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது. ஊதியம் பெறுவோரின் பெயர்ப் பதிவேடு 'திவான்' எனப்பட்டது. பின்னர் இச்சொல் அரசு அலுவலகத்தையும் குறிக்கலாயிற்று. இந்தியாவின் சமஸ்தானங்களில் தலைமை அமைச்சரைக் குறிக்கத் தமிழிலும் வழங்கிய 'திவான்' என்ற சொல் இதனோடு தொடர்புடையது.

வீரர்கள் தங்குவதற்காக ஈராக்கில் பஸ்ரா, கூஃபா, எகிப்தில் ஃபுஸ்தாத், துனீசியாவில் கைரவான் ஆகிய நகரங்கள் நிறுவப்பட்டன. வேலையும் வாணிகமும் நாடிச் சுற்றுப்புற மக்கள் இங்கே குடியேறினர். இவ்வாறு படைமுகாம்களாகத் தொடங்கியவை பல மொழியினர் கலந்து வாழும் நகரங்களாயின. அரபு இலக்கணத்தின் அடிப்படை நூலை 8 ஆம் நூற்றாண்டில் இயற்றிய சீபவைஹி, பஸ்ராவில் கல்வி கற்ற பாரசீகர் என்பது குறிப்பிடத்தக்கது.

மொழியும் நாணயமும்

முதல் ஐம்பது ஆண்டுகளில் அரசுக் கணக்குகள் பெரும்பாலும் கிரேக்கம், பாரசீகம் முதலிய பழைய மொழிகளிலேயே எழுதப்பட்டன. முன்னைய அரசுகளின் எழுத்தர்களே பணியில் தொடர்ந்தனர். ஈராக்கிலும் ஈரானிலும் வெளியான வெள்ளிக் காசுகளில் சாசானிய மன்னரின் உருவமும் தீப்பீடமும் நீடித்தன. ஓரத்தில் மட்டும் சிறு அரபுத் தொடர் சேர்க்கப்பட்டது.

இந்நிலையை மாற்றியவர் உமையா கலீபா அப்துல் மாலிக் (685 - 705) ஆவார். இவர் அரபை ஆட்சிமொழியாக்கினார். 697 அளவில் இவர் வெளியிட்ட தினார் என்னும் பொற்காசில் உருவம் எதுவும் இல்லை. இரு புறமும் அரபு எழுத்துகளே இருந்தன. இதன் எடை ஏறத்தாழ 4.25 கிராம். பதவியை விரும்பிய எழுத்தர் எச்சமயத்தவராயினும் அரபு கற்க வேண்டியதாயிற்று. இதனால் தொலைவிலுள்ள மாகாணங்களையும் ஒரே மொழியும் ஒரே வகை நாணயமும் இணைத்தன.

சமய மாற்றமும் வரியும்

முஸ்லிம் அல்லாதோர் 'ஜிஸ்யா' எனும் தலைவரி செலுத்தித் தம் சமயத்தைத் தொடர்ந்து பின்பற்றலாம். முஸ்லிம்களாக மாறியோர் இவ்வரியிலிருந்து விடுபட வேண்டும். ஆனால் வருவாய் குறையும் என்பதால், சில மாகாணங்களில் அவர்களிடமும் வரி பெறப்பட்டது. 'மவாலி' எனப்பட்ட அரேபியர் அல்லாத முஸ்லிம்கள் அரேபியருக்கு இணையாக நடத்தப்படவில்லை. கலீபா இரண்டாம் உமர் (717 - 720) இதனைச் சீர்செய்ய முயன்றார். எனினும் குறை தீரவில்லை. 747 இல் குராசானில் தொடங்கிய கிளர்ச்சிக்கு இம்மனக்குறையும் ஒரு காரணம் ஆயிற்று. அக்கிளர்ச்சியின் விளைவாக 750 இல் உமையா ஆட்சி வீழ்ந்து, அப்பாசியர் ஆட்சி ஏற்பட்டது.

பக்தாத்

அப்பாசியக் கலீபா அல்-மன்சூர் 762 இல் பக்தாத் நகரை நிறுவினார். நடு ஆசியாவிலிருந்து வந்த காகிதத் தொழில்நுட்பத்தால் நூல்களைப் படியெடுப்பது எளிதாயிற்று. கிறித்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக் கிரேக்க மருத்துவ நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் மொழிபெயர்த்தார். அல்-குவாரிஸ்மி இந்திய எண்முறையை விளக்கி நூல் எழுதினார்.

அரசியல் ஒருமை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 756 இலேயே ஸ்பெயினில் உமையா மரபினர் தனியரசு அமைத்தனர். ஈரானியர் பெரும்பாலும் இஸ்லாத்தைத் தழுவிய பின்னரும் தம் மொழியைக் கைவிடாமல், அதனை அரபு எழுத்தில் எழுதினர். பேரரசு பிரிந்த பின்னரும், அது இணைத்த நாடுகளுக்கு இடையே அறிஞர்களும் நூல்களும் வணிகர்களும் சென்று வருவது தொடர்ந்தது.