விருப்பாட்சியும் ஹவாயும்: தொலைக்காட்சி காட்டும் பழங்காலம்

திண்டுக்கல்லிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையிலுள்ள வடமதுரையிலும் அதைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களிலும், நூற்பாலை வேலை முடிந்து வேனில் வந்து இறங்கும் பெண்களும், தோட்டத்து வேலையை முடித்துக் கை கால் கழுவிய குடியானவர்களும், இராச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னுமாகத் தொலைக்காட்சியின் எதிரே அமர்கிற அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில்தான், நம் முன்னோர் எவ்வாறு உடுத்தினர், எவ்வாறு மணம் புரிந்தனர், அரசன் முன்னிலையில் எவ்வாறு நின்றனர் என்பன போன்ற சரித்திர ஞானத்தின் பெரும்பகுதி இன்று ஜனங்களுக்குக் கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துச் சரித்திர பாடம் பரீட்சையோடு மறந்துபோகிறது. பாட்டிமார் கதை சொல்லிவந்த பொழுதையும் தொடர்நாடகமே எடுத்துக்கொண்டுவிட்டது. இவ்வளவு பெரிய ஆசிரிய ஸ்தானத்தில் அமர்ந்திருக்கும் ஒன்று எதைப் போதிக்கிறது என்று விசாரிக்காமல் இருப்பது சரியன்று.

நான் பார்த்துவந்த சரித்திரத் தொடர்களில் பெரும்பாலானவற்றில், காலம் எதுவாயினும் தேசம் எதுவாயினும் அரண்மனை ஒன்றாகவே இருக்கிறது. பளபளக்கும் தூண்கள், பட்டுத் திரைகள், மார்பை மறைக்கும் நகைகள், சதா சதி செய்துகொண்டிருக்கும் ஒரு சிற்றன்னை. வடநாட்டில் எடுக்கப்பட்டுத் தமிழ்க் குரல் கொடுத்து ஒளிபரப்பாகும் ராஜபுத்திர, மொகலாயக் கதைகளின் உடுப்பும் தலைப்பாகையும் நம் கண்களில் நன்கு படிந்துவிட்டபடியால், தென்பாண்டி நாட்டுத் தலைவன் ஒருவனைக் காட்ட நேரும்போதும் அந்த அலங்காரமே அவனுக்கும் வந்து சேர்கிறது. இதற்குக் காரணம் கலைஞர்களின் அலட்சியம் மட்டும் என்று நான் கருதவில்லை. வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாக வேண்டிய தொடருக்கு அன்றாடம் இருபது நிமிஷக் காட்சி தேவைப்படுகிறது. உடையை வாடகைக்கு எடுக்கலாம், மாளிகையையும் வாடகைக்கு எடுக்கலாம். ஆனால் ஒரு சமூகத்தின் ஆசாரத்தை, அதை அனுஷ்டித்தவர்களின் சந்ததியாரிடம் போய் உட்கார்ந்து, பொறுமையாகக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அந்த அவகாசம் அன்றாடத் தொடருக்கு வாய்ப்பதில்லை.

அவகாசமும் சிரத்தையும் வாய்த்தால் என்ன செய்யலாம் என்பதற்கு, நமக்கு வெகு தூரத்திலுள்ள ஹவாய்த் தீவுகளிலிருந்து அண்மையில் ஓர் உதாரணம் கிடைத்திருக்கிறது. 1968 முதல் 1980 வரை ஓடிய ‘ஹவாய் ஃபைவ்-ஓ’ போன்ற அமெரிக்கத் தொடர்களில் அத்தீவுகள் ஒரு கடற்கரைக் காட்சியாகவும், அவற்றின் நடனம் விருந்தினருக்கான கேளிக்கையாகவும், பூர்வீகக் குடிகள் கதைக்கு ஓரத்தில் நிற்பவர்களாகவுமே பெரும்பாலும் தோன்றினார்கள். 2025 ஆகஸ்டில் வெளிவரத் தொடங்கிய ‘சீஃப் ஆஃப் வார்’ என்னும் ஒன்பது பகுதித் தொடரோ, ஹவாய் வம்சத்தவரான ஜேசன் மோமோவாவும் தாமஸ் பா சிபெட்டும் உருவாக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தீவுகளில் பெரும்பாலானவற்றை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த கமேஹமேஹாவின் காலத்தை, கையானா என்னும் போர்த்தலைவனின் வாழ்க்கை வழியாகச் சொல்வது. அதன் உரையாடல்களில் பெரும்பகுதி ஹவாய் மொழியிலேயே அமைந்திருக்கிறது. 1893-ல் அரசி லிலியுகலானியின் ஆட்சி கவிழ்க்கப்பட்டு, 1896-ல் ஆங்கிலமே பள்ளிகளின் போதனாமொழி என்று சட்டம் செய்யப்பட்ட பிறகு, அழிவின் விளிம்பு வரை சென்று, 1978-ல்தான் மீண்டும் ஆட்சிமொழி அந்தஸ்தைப் பெற்ற மொழி அது. உலகமெங்கும் பார்க்கப்படும் ஒரு நாடகத்தில் அரசனும் வீரனும் பெண்களும் அம்மொழியில் கோபிப்பதையும் கொஞ்சுவதையும் கேட்கும்போது, பழங்காலம் என்பது வெறும் வேஷமாக இல்லாமல் மூச்சுவிடும் வாழ்க்கையாகத் தோன்றுகிறது.

அக்காலத்து ஹவாய்ச் சமூகத்தைக் கட்டியாண்டது ‘கபு’ என்னும் விதிமுறை. ஆணும் பெண்ணும் ஒன்றாக அமர்ந்து உண்ணலாகாது; பன்றி இறைச்சியும், தேங்காயும், பெரும்பாலான வாழைப்பழ வகைகளும் பெண்களுக்கு விலக்கு; சில விதிகளை மீறினால் மரணமே தண்டனை. தலைவர்கள் அணிந்த சிவப்பும் மஞ்சளுமான மேலாடைகள் ஆயிரக்கணக்கான சிறு பறவை இறகுகளை வலையில் கோத்துச் செய்யப்பட்டவை. அவை அழகுக்காக மட்டும் அணியப்பட்டவை அல்ல, அணிபவனின் குலத்தையும் புனிதத்தையும் அறிவிப்பவை. இந்த விதிமுறையைத் தெரிந்துகொள்ளாதவனுக்கு, 1819-ல் கமேஹமேஹா மறைந்ததும் அவர் மனைவியருள் ஒருவரான கஅஹுமானு இளம் அரசனைப் பெண்களோடு அமர்ந்து உண்ணச் செய்தது ஒரு சாதாரண விருந்தாகவே தோன்றும். தெரிந்தவனுக்கோ அது ஒரு யுகத்தின் முடிவு. ஆசாரத்தைக் காட்டினால்தான் அதை மீறிய தைரியமும் புலப்படும். மோமோவாவின் தொடரில் யுத்தமும் ரத்தமும் வேண்டியதற்குச் சற்று அதிகம் என்பது என் அபிப்பிராயம். எனினும் மொழியிலும் ஆசாரத்திலும் அது காட்டும் கவனம் போற்றத்தக்கது.

இனி நம் சீமைக்கு வருவோம். கேப்டன் குக்கின் கப்பல்கள் 1778-ல் ஹவாயை முதன்முதலாகக் கண்டபோது, சிவகங்கையை இழந்த ராணி வேலு நாச்சியார் நம் திண்டுக்கல் சீமையிலுள்ள விருப்பாட்சியில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1772-ல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் வெள்ளையர் படையால் கொல்லப்பட்ட பிறகு, மகளோடும் விசுவாசமுள்ள சிலரோடும் வந்த அவரைப் பாளையக்காரர் கோபால நாயக்கர் பல ஆண்டுகள் ஆதரித்துக் காத்தார். திண்டுக்கல் கோட்டை அப்போது ஹைதர் அலியின் வசம் இருந்தது. அவருடைய உதவியையும் பெற்று 1780-ல் சிவகங்கையை மீட்டவர் அந்த ராணி. கையானா நுவானு மலைச்சரிவுப் போரில் மாண்டது 1795-ல். மருது சகோதரர் முதலியோரோடு சேர்ந்து வெள்ளையரை எதிர்த்த கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டது 1801-ல். இரண்டு சமுத்திரங்களுக்கு அப்பாலும் இப்பாலும், ஏறக்குறைய ஒரே காலத்தில், அந்நியக் கப்பலும் துப்பாக்கியும் வந்து சேர்ந்த இரண்டு சமூகங்கள் இவை.

விருப்பாட்சியின் அந்த ஆண்டுகளை ஒரு தொடராக எடுக்க முற்படுகிறவர் எதைக் காட்ட வேண்டும்? கோபால நாயக்கர் பிறந்த குலத்தினரான ராஜகம்பளத்தார், வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசியவர்கள். இன்றும் திண்டுக்கல் சமவெளியில் அவர்கள் அவ்வாறே பேசுகிறார்கள். ஜக்கம்மா அவர்கள் தெய்வம். அவர்களுடைய பழைய மணங்கள் பச்சை இலைதழைகளால் வேய்ந்த குடிசைகளில், உறுமி முழங்க நடந்தவை. கம்பளியை விரித்து அதன்மேல் அமர்ந்து ஊர் நியாயம் பேசுவது அவர்கள் மரபு. கையில் துணியை வீசிக்கொண்டு, காலில் சலங்கை கட்டி, உறுமியின் கதிக்கு ஏற்ப ஆடவர் வரிசையாக ஆடும் தேவராட்டம் மணத்திலும் திருவிழாவிலும் இடம்பெறுவது. வடமதுரை வட்டாரத்தில் இன்றும் அவர்களுடைய கோயில் விழாக்களில் சலங்கை மாடுகளை ஓடவிட்டு மாலை தாண்டச் செய்கிறார்களே, அங்கே முதலில் வரும் மாட்டுக்குக் கிடைப்பது பணமுடிப்பன்று, எலுமிச்சம்பழமும் மஞ்சள்பொடியும்தான். அந்த எலுமிச்சம்பழத்துக்காக ஊர் முழுவதும் ஆரவாரிக்கிறதே, அந்தக் கௌரவ உணர்ச்சியைப் புரிந்துகொண்டால் பாளையக்காரர் ஏன் கப்பம் கட்ட மறுத்தார் என்பதில் பாதி விளங்கிவிடும்.

ஆனால் பாளையக்காரர் என்றதும் நம் மனத்தில் எழும் உருவம் 1959-ல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் தந்தது. சிவாஜி கணேசனின் அபார நடிப்பும், சக்தி கிருஷ்ணசாமியின் கனல் தெறிக்கும் வசனமும் சுதந்திர உணர்ச்சியை நாட்டில் பரப்பிய தொண்டு மகத்தானது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் அப்படத்துக்குப் பின் வந்தவர்கள் அந்த முழக்கத்தையும் மீசையையும் மட்டும் பிரதி செய்தார்களே தவிர, அந்த வீரன் வீட்டில் பேசிய மொழியையும், அவன் குலத்தின் உறுமியையும் தேடிப் போகவில்லை.

1990-ல் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘திப்பு சுல்தானின் வாள்’ என்னும் இந்தித் தொடரின் கதையும் நினைவில் கொள்ளத்தக்கது. பகவான் கிட்வானியின் நாவலைத் தழுவிய அத்தொடரைப் பற்றிச் சர்ச்சை மூண்டு, நியாயஸ்தலம் வரை வழக்குச் சென்றதன் பயனாக, அது கற்பனைக் கதை என்னும் அறிவிப்போடு ஒளிபரப்ப நேர்ந்தது. அறிவிப்பு சில விநாடிகளில் மறைந்துவிடும். காட்சியோ மனத்தில் தங்கிவிடும். திப்புவின் தந்தை ஹைதர் அலி 1755-ல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த பின்புதான் பெரும்பதவியை நோக்கி உயர்ந்தார் என்பதும், அவர் குடும்பத்தாரின் ஞாபகமாகப் பேகம்பூர் இன்றும் நகரில் இருப்பதும் அறிந்த நமக்கு, அப்படிப்பட்ட தொடர்கள் பிறர் வீட்டுக் கதையாக இருக்க முடியாது.

தமிழ்த் தொலைக்காட்சியில் இதை நேர்த்தியாகச் செய்து காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. 1990-களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜனின் கதையை நாகா இயக்கிச் சன் தொலைக்காட்சியில் வந்த ‘விடாது கருப்பு’, சரித்திரத் தொடர் என்று பெயர் சூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் குற்றம் செய்தவனைக் கருப்புசாமி தண்டிப்பார் என்னும் நம்பிக்கை ஒரு கிராமத்தின் நியாய ஏற்பாடாக எவ்வாறு இயங்குகிறது என்பதை அது பரிகாசம் செய்யாமலும் துதிபாடாமலும் காட்டிற்று. அய்யலூரில் வண்டிக் கருப்பணசாமி கோயிலின் முன் லாரிகளையும் கார்களையும் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுச் செல்பவர்களை அன்றாடம் காணும் எங்களுக்கு, அந்தத் தொடர் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

பழைய வழக்கங்களில் கொடியவையும் உண்டு. இந்தச் சமவெளியில், கணவனோடு தீப்பாய்ந்த பெண்களுக்கு எடுத்த மாலைக்கோயில்கள் இன்னும் வழிபடப்படுகின்றன. அரண்மனை வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்ட ஜாதியார் இருந்தார்கள். அவர்களும் பாளையக்காரர் படையில் போரிட்டு மடிந்தார்கள். ஹவாய்த் தொடர் கபுவின் கொடுமையை ஒளிக்காததுபோல, நாமும் இவற்றை ஒளிக்காமல் காட்ட வேண்டும். கணவனை இழந்த வேலு நாச்சியார் சிதையேறாமல் படை திரட்டி அரசு புரிந்தார் என்பதன் மகிமை, அந்தக் கோயில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். முன்னோரை மாசு மறுவற்றவர்களாகக் காட்டும் தொடர் அவர்களைப் பொம்மைகளாக்கிவிடுகிறது.

ஆதாரம் கிடைக்காது என்று தயாரிப்பாளர்கள் சொல்லுவதற்கில்லை. காலின் மெக்கன்சி சேகரித்த பாளையப்பட்டு வம்சாவளிகள் சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கின்றன. அவற்றுள் சில அச்சிலும் வந்துள்ளன. 1868-ல் நெல்சன் எழுதிய மதுரைச் சீமை வரலாறும், 1971-ல் கே. ராஜய்யன் வெளியிட்ட தென்னிந்தியக் கிளர்ச்சி நூலும் நூலகங்களில் கிடைக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக, உறுமி வாசிக்கும் கிழவர்களும், பழைய மணப்பாட்டுகளைத் தெலுங்கில் பாடும் பாட்டிமார்களும் நம் கிராமங்களில் இன்னும் இருக்கிறார்கள். சரித்திரத் தொடர் எடுக்க விரும்பும் நண்பர்கள் அரங்கத்துக்குத் தூண் செய்யச் சொல்லுவதற்கு முன், ஒரு மாதம் விருப்பாட்சியிலும் வடமதுரையிலும் வந்து தங்கி, இவர்களை உட்காரவைத்துக் கேட்க வேண்டும். கேட்டதற்கு உரிய ஊதியத்தையும், தொடரின் முகப்பில் அவர்கள் பெயரையும் கொடுக்க வேண்டும். அந்தக் கிழவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது; இதைத் தாமதிக்காமல் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.