மரிக்கொழுந்துப் பாசியும் மதுரை ஆய்வகமும்

டி. கல்லுப்பட்டியில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை கரிசலும் கண்மாயும்தான். ஆனாலும் இங்குள்ள ஒருவருக்குச் சிறுநீரில் கிருமித்தொற்று இருக்கலாம் என்று மதுரையில் ‘கல்ச்சர் டெஸ்ட்’ எடுக்கச் சொன்னால், அந்தக் கிருமி வளர்வது கடலில் விளைந்த ஒரு பொருளின் மேல். ஆய்வகத் தட்டில் ஊற்றி உறையவைக்கும் அந்தக் கூழுக்கு அகர் என்று பெயர். நோன்பு நாட்களில் கடல்பாசி காய்ச்சுகிற வீடுகளில், பாலையும் சர்க்கரையையும் பிடித்து உறையவைப்பதும் இதுவே.

அகரிடம் விசித்திரமான குணம் ஒன்று உண்டு. பனிக்கட்டி எந்த வெப்பநிலையில் உருகுகிறதோ அதே வெப்பநிலையில்தான் நீரும் உறைகிறது. அகர் அப்படியல்ல. உருக ஏறக்குறைய 85 டிகிரி செல்சியஸ் வேண்டும். உருகியபின் 40 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை உறையாது. அதன் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள் ஆறும்போது இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும். முறுக்குகள் ஒன்றோடொன்று பின்னி வலையாகி நீரைச் சிறைப்பிடிக்கும். பின்னிய வலையைப் பிரிக்க, பின்னியபோது இருந்ததைவிட மிக அதிக வெப்பம் தேவை.

இந்த இடைவெளியில்தான் நம் உடலின் 37 டிகிரி வருகிறது. அந்தச் சூட்டில் கிருமி செழிக்கும், தட்டும் கெட்டியாக இருக்கும். நுண்ணுயிரியல் முன்னோடி ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் முதலில் பயன்பட்ட ஜெலட்டின், 37 டிகிரியில் உருகிவிடும். சில கிருமிகள் அதைத் தின்றே தீர்த்துவிடும். அங்கே பணிபுரிந்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேன்னி, 1881இல் அகரைப் பரிந்துரைத்தார். முன்பு ஜாவாவில் வாழ்ந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் அவர் கற்ற சமையல் பக்குவம் அது. காசநோய்க் கிருமியைப் பற்றி 1882இல் காக் எழுதியபோது அகரைக் குறிப்பிட்டார். ஃபேன்னியின் பெயரைக் குறிப்பிடவில்லை. நுண்ணுயிரியலின் பெரிய கடன்களில் ஒன்று இன்னும் பாதிதான் அடைந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

அகர் தரும் கடல்பாசியை எடுக்கும் பெண்களுக்கும் அப்படியொரு கடன் நிற்கிறது. பாம்பன் தீவுக்கு வடக்கே பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல் என்பது மீனவர் வழக்கு. சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் மூழ்குவது அந்த ஆண்கடலில். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பவளப்பாறைகளில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் எடுக்கிறார்கள். அலை அடித்தாலும் ஒடியாமல் வளையவும், நீர் வற்றி வெயில் பட்டாலும் காயாமல் தாங்கவும் அந்தப் பாசி தன் செல்சுவரில் வைத்திருப்பதே அகர். கரையில் உலர்ந்த பாசி வியாபாரிகள் வழியாக மதுரை வட்டார ஆலைகளுக்கு வருகிறது. கொதிக்கவைத்து வடிகட்டிய கூழை உறைபனியாக்கி மறுபடி இளக்கினால், நீரோடு அழுக்கும் வடிந்துவிடும், உலர்த்தினால் அகர்.

இந்தப் பெண்களிடம் என்னை வியக்கவைப்பது, எப்போது கடலுக்குள் இறங்கக்கூடாது என்று தாங்களே வகுத்துக்கொண்ட கணக்கு. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், மாதத்துக்கு 12 நாள்தான் பாசி எடுப்பு. சூரியனும் நிலவும் ஒரே கோட்டில் இழுக்கும் அந்நாட்களில் நீர் நன்றாக வற்றும். கோடையில் பாசி இனம்பெருக்கும் காலத்தில் ஏறத்தாழ 45 நாள் முழு ஓய்வு. அடியை விட்டுவைத்தால் பாசி மறுபடி துளிர்க்கும். இந்தக் கட்டுப்பாட்டை முன்னெடுத்ததற்காகச் சின்னப்பாலத்தின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் தீவுச் சூழலைக் காப்போருக்கான சீகாலஜி விருது கிடைத்தது. ஏறக்குறைய அதே சமயம், அகர்ப் பாசியைப் பெருமளவில் தரும் மொராக்கோ தன் பாசி வளம் குறைவதைக் கண்டு ஏற்றுமதியைச் சுருக்கியது. உலக ஆய்வகங்களில் அகருக்குத் தட்டுப்பாடு வந்தது.

டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா, எடுக்க எடுக்கத் தீரும் வளத்தையும் மறுபடி மறுபடி ஊறும் வளத்தையும் பிரித்துப் பார்த்தவர். மரிக்கொழுந்து இரண்டாவது வகை, அதுவும் விட்டுப்பிடித்தால் மட்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தீவுகளில் கால் வைக்க இப்பெண்களுக்கு அனுமதியில்லை. பவளத்தைக் காக்கத் தடை தேவை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எந்தப் பாறையில் எந்த மாதம் பாசி மெலிகிறது என்று தடவியே சொல்லக்கூடியவர்களை அந்தக் காவலின் கண்காணிப்பாளர்களாகவே சேர்த்துக்கொள்ளலாம்.