வராத தருணத்துக்காகக் காத்திருந்த பந்துவீச்சாளர்

மாலிங்கவின் ஓவர்களைக் கடைசிக்கென ஒதுக்கி வைத்ததை நாம் கண்டிருக்கிறோம். அமெரிக்க பேஸ்போலிலும் மாற்றுப் பந்துவீச்சாளர்களில் சிறந்தவரை முகாமையாளர்கள் இறுதியான ஒன்பதாவது இன்னிங்ஸுக்கென்றே வைத்திருப்பர். முன்னிலையைக் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்குக் கிடைக்கும் 'சேவ்' 1969 இல் உத்தியோகபூர்வப் பதிவானது. இவ்வழக்கம் வேரூன்ற அதுவும் ஒரு காரணம்.

2016 இல் தோற்றால் வெளியேற வேண்டிய போட்டியில் பல்டிமோர் அணி டொரொன்டோவைச் சந்தித்தது. அப்பருவத்தில் 47 வாய்ப்புகளில் 47 சேவ்களையும் பெற்றிருந்த ஸாக் பிரிட்டனை, முன்னிலை கிடைக்கட்டும் என்று முகாமையாளர் பக் ஷோவால்டர் இறக்கவேயில்லை. ஆட்டம் 2-2 எனச் சமநிலையில் நீண்டது. 11ஆவது இன்னிங்ஸில் வேறொருவர் வீசிய பந்தை என்கார்னாசியோன் ஹோம் ரன்னாக அடிக்க, 5-2 எனத் தோல்வி. பிரிட்டன் ஒரு பந்துகூட வீசவில்லை.

அதே மாதம் கிளீவ்லாந்தின் டெரி பிரான்கோனா, அன்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். அணி உலகத் தொடர் வரை சென்றது.

என் பார்வையில், சிறந்தவருக்குரிய நேரம் கடைசி நேரமல்ல, ஆபத்தான நேரமே.